டயாலிசிஸ் நோயாளிக்குத் தைராய்டு ரிப்போர்ட்: டோஸை மாற்றும் முன் எதைப் பார்க்கணும்?

#1 வைகைக்கரை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் இப்போது பல யூனிட்டுகளில் தைராய்டும் சேர்ந்துவிட்டது. எடுப்பது சுலபம். ரிப்போர்ட் கைக்கு வந்தபிறகுதான் ஆளுக்கொரு பேச்சு. கீழே நான்கு ரிப்போர்ட் எழுதுகிறேன். நான்கும் விவாதத்துக்காக நானே அமைத்தவை, யாருடைய தாளும் இல்லை. எல்லோரும் வாரம் மூன்று முறை ஹீமோ டயாலிசிஸ் (மெஷினில் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) செய்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி3, டி4 தைராய்டு ஹார்மோன்கள். டிஎஸ்எச், தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன். ஃப்ரீ டி4, புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4.

அ: டி3 குறைவு. டி4 கீழ் எல்லையை ஒட்டி. டிஎஸ்எச் 3.2.
ஆ: டிஎஸ்எச் 7.4. ஃப்ரீ டி4 சரியாக இருக்கிறது.
இ: டிஎஸ்எச் 2.1. ஃப்ரீ டி4 மேல் எல்லையைத் தாண்டி நிற்கிறது.
ஈ: ஏற்கெனவே தைராக்சின் (டி4 மாத்திரை) 100 மைக்ரோகிராம் சாப்பிடுகிறார். டிஎஸ்எச் 24.

அ-வுக்கு மாத்திரை ஆரம்பிக்கணும், ஈ-க்கு டோஸை 150 ஆக்கணும் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்தைச் சரியாக எழுதத் தெரிந்தவர்கள் எழுதினால் யூனிட் சுவரில் ஒட்ட ஒரு தாள் தயார் செய்துவிடலாம்.

#2 தாமிரபரணி

சிஸ்டர், அ-விலிருந்தே தொடங்குகிறேன். டயாலிசிஸ் நோயாளிகளிடம் அடிக்கடி வருவது இந்த ரிப்போர்ட்தான்.

தைராய்டு சுரப்பி வெளியே விடுவது பெரும்பாலும் டி4. ரத்தத்தில் ஓடும் டி3-யில் ஐந்தில் நான்கு பங்கு, கல்லீரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில் டி4-இலிருந்து ஓர் அயோடின் அணு கழன்று உருவாவது. கழற்றிவிடுவது டீஅயோடினேஸ் என்ற நொதி. சிறுநீரகம் செயலிழந்தவரிடம் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும், உள்ளுக்குள் அழற்சி ஓயாமல் இருக்கும், சாப்பாடும் பாதியாகியிருக்கும். மூன்றும் சேர்ந்து அந்த நொதியை மந்தமாக்கிவிடுகின்றன. சுரப்பியில் கோளாறு இல்லை. இருந்திருந்தால் பிட்யூட்டரி டிஎஸ்எச்சை ஏற்றியிருக்கும். 3.2 என்பது அப்படி ஏறியதல்ல.

ரிவர்ஸ் டி3 (டி4-இலிருந்து உருவாகும், வேலை செய்யாத டி3) பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐசியூவில் கிடக்கும் மற்ற நோயாளிகளுக்கு டி3 இறங்கும்போது ரிவர்ஸ் டி3 ஏறும். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில் அது பெரும்பாலும் ஏறுவதில்லை. அதனால், "ரிவர்ஸ் டி3 நார்மலாக இருக்கிறதே, அப்போது இது நிஜமான தைராய்டு குறைவுதான்" என்று இவர்களிடம் முடிவு கட்டினால் தப்பாகிவிடும். அந்தச் செலவே வேண்டாம்.

மாத்திரை ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். டி3-யைக் குறைத்துக்கொள்வது, கையிருப்புப் புரதத்தைக் காக்க உடம்பு தானாகச் செய்யும் ஏற்பாடு என்று கருத நல்ல ஆதாரம் இருக்கிறது. 1985-இல் வெளியான ஓர் ஆய்வில் ஹீமோ டயாலிசிஸ் நோயாளிகளுக்கு டி3 கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் புரதச் சிதைவு கூடியது. ஏற்கெனவே தசை கரைந்துகொண்டிருக்கும் ஆளுக்கு இது என்ன நன்மை? டி3 குறைந்தவர்களிடம் இறப்பு அபாயம் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மை. மாத்திரை கொடுத்து அந்த எண்ணை நிமிர்த்தினால் ஆயுள் கூடும் என்று யாரும் காட்டவில்லை.

அ-வில் உண்மையில் தேட வேண்டியவை வேறு. டயாலிசிஸுக்கு முந்தைய பைகார்பனேட் 22-க்குக் கீழே கிடக்கிறதா? அமிலத்தைச் சரிசெய்தால் டி3 தானாகவே ஓரளவு ஏறும். ஆல்புமின் எவ்வளவு? கழுத்து கதீட்டரில் (டயாலிசிஸுக்கு வைத்த குழாய்), பழைய கிராஃப்டில் (செயற்கை ரத்தக்குழாய்), ஈறில், கால் புண்ணில் தொற்று ஒளிந்திருக்கிறதா? நான்கு மணி நேரம் உட்கார வேண்டியவர் மூன்று மணியில் எழுந்து போகிறாரா? இவற்றைப் பார்க்காமல் தைராக்சின் எழுதிக் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கும் விஷயம். வழக்கமான மூன்று மாதப் பட்டியலிலிருந்து டி3-யை எடுத்துவிடுங்கள். டிஎஸ்எச் முதலில். அதில் மாற்றம் இருந்தால் ஃப்ரீ டி4. போதும்.

#3 ஆய்வகக்கண்

டாக்டர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். இ என்னுடைய பகுதி.

டிஎஸ்எச் அசையாமல் இருக்க ஃப்ரீ டி4 மட்டும் ஏறியிருந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ரத்தம் எப்போது, எங்கிருந்து எடுத்தீர்கள்? ஹெபாரின் (மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து) போட்டபிறகு எடுத்த ரத்தம் என்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

நடப்பது இதுதான். ஹெபாரின் உடம்புக்குள் போனதும் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் நொதியைக் கழற்றி ரத்தத்தில் விடுகிறது. குழாயில் எடுத்து வைத்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. டிரைகிளிசரைடை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பெருக்குகிறது. அவை புரதத்தோடு ஒட்டியிருக்கும் டி4-ஐத் தள்ளிவிட, "ஃப்ரீ" பகுதி பொய்யாகக் கூடுகிறது. நோயாளியின் உடம்பில் இல்லாத உயர்வு, டெஸ்ட் டியூபில் பிறக்கிறது. டிரைகிளிசரைடு அதிகம் இருப்பவரிடம், மாதிரி அறை வெப்பத்தில் கிடந்தால், இன்னும் மோசம். எனாக்ஸாபரின் போன்ற குறைந்த எடை ஹெபாரினும் இதே வேலையைச் செய்யும்.

எடுக்கும் முறை இப்படி இருக்கட்டும். பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் இணைத்த ரத்தக்குழாய்) என்றால் முதல் ஊசி போட்டவுடன், சலைன் தள்ளும் முன், ஹெபாரின் போடும் முன், அந்த ஊசியிலிருந்தே எடுங்கள். ஊசியை முன்கூட்டியே ஹெபாரின் சலைனால் நிரப்பி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தைராய்டு எடுக்கும் நாளில் அதைச் செய்ய வேண்டாம். கதீட்டர் என்றால் உள்ளே லாக் செய்து வைத்த ஹெபாரின் இருக்கும். முதலில் 10 மில்லி இழுத்து ஒதுக்கிவிட்டு, புது சிரிஞ்சில் மாதிரி எடுக்க வேண்டும். டியூபை ஷிப்ட் முடியும்வரை மேசையில் வைக்காமல் அன்றைக்கே சீக்கிரம் பிரித்துக் குளிரில் வையுங்கள்.

டயாலிசிஸ் முடிந்து எடுப்பது இன்னொரு தவறு. ஹெபாரின் ஒரு பக்கம். மறுபக்கம் இரண்டு, மூன்று லிட்டர் நீர் இழுத்தபின் ரத்தம் சுண்டிப்போயிருக்கும், புரதத்தோடு ஒட்டிய மொத்த டி4, டி3 இரண்டும் கூடித் தெரியும்.

#4 வைகைக்கரை

ஆய்வகக்கண் சார், நிறைய யூனிட்டுகளில் ஊசி போடுகிறவர் ஒருவர், டியூபில் எடுக்கிறவர் வேறொருவர். லைன் மாட்டியபிறகு சிவப்பு மூடிப் போர்ட்டிலிருந்து எடுப்பார்கள். அதற்குள் ஹெபாரின் போயிருக்கும். இ மாதிரி ரிப்போர்ட்டுக்கு அதுதான் முதல் சந்தேகம் என்று எழுதிக்கொள்கிறேன்.

ஒன்று கேட்கணும். டிஎஸ்எச் அடியோடு குறைந்து, ஃப்ரீ டி4, டி3 இரண்டும் ஏறி, ஆனால் ஆளுக்குப் படபடப்பும் இல்லை, நடுக்கமும் இல்லை. அதுவும் ஹெபாரினா?

#5 ஆய்வகக்கண்

ஹெபாரின் டிஎஸ்எச்சைக் குறைக்காது. நீங்கள் சொல்வது பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பல ஆய்வகக் கருவிகள் ஸ்ட்ரெப்டாவிடினும் பயோட்டினும் ஒட்டிக்கொள்ளும் பிடிப்பை வைத்தே அளக்கின்றன. நோயாளியின் ரத்தத்தில் பயோட்டின் அதிகம் இருந்தால் அந்தப் பிடிப்பை அது தட்டிப் பறித்துவிடும். டிஎஸ்எச் அளக்கும் முறையில் எண் பொய்யாக இறங்கும். ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3 அளக்கும் முறையில் பொய்யாக ஏறும். தாளில் பார்த்தால் அச்சு அசல் கிரேவ்ஸ் நோய் (தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய்). அதை அடக்கும் கார்பிமசோல் மாத்திரையை ஆரம்பித்துவிடும் அளவுக்குத் தத்ரூபமாக இருக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் பயோட்டின் பற்றி எச்சரிக்கை விட்டது.

ஒரு நாள் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான். டயாலிசிஸ்காரர்களுக்கு எழுதும் பி காம்ப்ளெக்ஸில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. முடி கொட்டுகிறது என்று கடையில் வாங்கிப் போடும் மாத்திரையில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். பயோட்டின் வெளியேறுவது சிறுநீர் வழியாக என்பதால், மற்றவர்களுக்கு 2 நாள் நிறுத்தினால் போதும் என்ற கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. கூடுதல் நாட்கள் நிறுத்தி மறுபடி எடுங்கள். அல்லது பயோட்டின் பிடிப்பைப் பயன்படுத்தாத கருவி உள்ள ஆய்வகத்துக்கு அதே மாதிரியை அனுப்புங்கள். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்டால் முடி மாத்திரையைச் சொல்ல மாட்டார்கள். "முடிக்கு, நகத்துக்கு, சருமத்துக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா" என்று கேட்டால்தான் வரும்.

#6 மருந்துச்சீட்டு

ஈ-க்கு வருகிறேன். 100 மைக்ரோகிராம் சாப்பிட்டும் டிஎஸ்எச் 24. டோஸை ஏற்றும் முன் அவருடைய மாத்திரைப் பையை மேசையில் கொட்டிப் பாருங்கள்.

தைராக்சின் உறிஞ்சப்படுவது சிறுகுடலில். வெறும் வயிற்றில் போட்டாலே 60 முதல் 80 சதவீதம்தான் உள்ளே போகும். டயாலிசிஸ்காரர் சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துவைக்கச் சாப்பாட்டோடு போடும் பைண்டர்கள் அனேகமாக எல்லாமே அதைப் பிடித்துக்கொள்ளும்: கால்சியம் கார்பனேட், கால்சியம் அசிடேட், செவலமர், லாந்தனம், ஃபெரிக் சிட்ரேட். வாய்வழி இரும்பு மாத்திரையும் அதே கூட்டம். டயாலிசிஸின்போது நரம்பில் போடும் அயர்ன் சுக்ரோஸுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அது குடலுக்கே வருவதில்லை. பொட்டாசியம் குறைக்கக் கரைத்துக் குடிக்கும் பாலிஸ்டைரின் பவுடரும் தைராக்சினைப் பிடிக்கும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் பிடிப்பதில்லை, ஆனால் வயிற்று அமிலத்தைக் குறைத்து மாத்திரை கரைவதைக் கெடுக்கின்றன.

பின்பற்ற வேண்டிய விதி: தைராக்சினுக்கும் பைண்டர், கால்சியம், இரும்பு எதற்கும் 4 மணி நேர இடைவெளி.

நேரடியாக 150 ஆக்கினால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். பைண்டர் பிடிப்பதால் 100-இல் பாதி வீணாகிறது என்று வையுங்கள். இன்று 150 எழுதுகிறீர்கள். அடுத்த மாதம் பாஸ்பரஸ் இறங்கியது என்று பைண்டரை நிறுத்துவார்கள், அல்லது நோயாளியே காசில்லாமல் நிறுத்துவார். 150-ம் முழுசாக உள்ளே போகும். டயாலிசிஸ் நோயாளியின் இதயத்துக்கு அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (தாளம் தப்பிய இதயத்துடிப்பு) விடும் அழைப்பு. எலும்பும் ஏற்கெனவே நலிந்தது, இன்னும் கரையும். பைண்டரை மாற்றும்போதெல்லாம் 6 வாரம் கழித்து டிஎஸ்எச் பார்ப்பது நல்ல பழக்கம்.

பாட்டிலையும் பாருங்கள். தைராக்சின் ஈரம், வெளிச்சம், சூடு மூன்றையும் தாங்காது. அடுப்படி அலமாரியிலும் சாமி அறை விளக்குப் பக்கத்திலும் வைக்கிறார்கள். வாரப் பெட்டியில் பிரித்துப் போட்டு வைப்பதைவிட அது வந்த பாட்டிலிலேயே மூடி இறுக்கி வைப்பது மேல். ஒரே பிராண்டில் இருங்கள். பிராண்ட் மாறினால் 6 வாரத்தில் டிஎஸ்எச்.

#7 உணவுத்தட்டு

4 மணி நேரம் என்று எழுதுவது எளிது. வீட்டில் அதை நடைமுறைப்படுத்த ஓர் அட்டவணை வேண்டும். மூன்று வேளையும் பைண்டர் போடுபவருக்கு இரண்டே இடம்தான் கிடைக்கும்.

ஒன்று, விடியற்காலை. 4.30-க்கு மாத்திரை, 8.30-க்கு இட்லியும் பைண்டரும். இடையில் காபி? பால் கலந்த காபியும் உறிஞ்சலைக் குறைக்கும், டிகாஷனே குறைக்கும். மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும்.

இரண்டு, படுக்கும்போது. இரவுச் சாப்பாடும் பைண்டரும் 7 மணிக்கு முடிந்தால், 11 மணிக்குத் தைராக்சின். நடுவில் பால் குடிக்கக்கூடாது. இரவில் போடுவது காலையில் போடுவதைவிடக் குறைந்தது இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம்ம ஊரில் 9 மணிக்குச் சாப்பிட்டு 10 மணிக்குத் தூங்குபவர்களே அதிகம். அவர்களுக்கு இது சரிவராது.

தண்ணீர் அளவையும் சொல்லணும். "நிறையத் தண்ணியோட முழுங்குங்க" என்று மற்றவர்களுக்குச் சொல்வதை இவர்களிடம் சொல்லக்கூடாது. ஒரு நாளைக்கு 700 மில்லி, 1 லிட்டர் என்று அளந்து குடிப்பவர்கள். 50 மில்லி போதும். அதையும் அன்றைய கணக்கில் சேர்க்கணும்.

#8 மருந்துச்சீட்டு

மேடம், முதல் ஷிப்ட்காரர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 6 மணிக்கு ஊசி என்றால் 5 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள், யூனிட்டில் 8 மணிக்கே டிபன். 4 மணிக்கு எழுந்ததும் மாத்திரை போட்டுவிட்டால் அவர்களுக்கும் கணக்கு சரியாக வரும். டயாலிசிஸ் இல்லாத நாளிலும் அதே நேரம். நாளுக்கு ஒரு நேரம் வைத்தால் மறதிதான் மிஞ்சும்.

#9 மெஷின்பக்கம்

டெக்னீஷியன்கள் நடுவில் ஒரு பேச்சு உண்டு: "டயாலிசிஸ் நாளில் தைராய்டு மாத்திரை போட்டால் மெஷினில் கழுவிக்கொண்டு போய்விடும், முடிந்தபிறகு போடுங்கள்." பிபி மாத்திரைக்குச் சொல்வதை இதற்கும் சொல்கிறார்கள். சரியா?

#10 தாமிரபரணி

சரியில்லை. ரத்தத்தில் உள்ள டி4-இல் 99.9 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. அந்தப் புரதங்கள் டயலைசர் சவ்வைத் தாண்டாது. கழுவப்படுவது கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு. முடிந்தபிறகு கூடுதல் டோஸும் வேண்டாம். நேரத்தை முடிவு செய்வது பைண்டர்தான், மெஷின் அல்ல.

டி4-இன் அரை ஆயுள் ஏறக்குறைய 7 நாள். ஒரு நாள் விட்டுப்போனால் உலகம் கவிழ்ந்துவிடாது. மாத்திரை சாப்பிடவே மாட்டேன் என்பவருக்கு வார டோஸைப் பிரித்து யூனிட்டில் நர்ஸ் முன்னாலேயே போடவைக்கும் முறைக்கும் இதுதான் அடிப்படை. அதை டாக்டர் முடிவு செய்யணும். இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு ஒரே நேரத்தில் பெரிய டோஸ் வேண்டாம்.

ஆ பாக்கி இருக்கிறது, அதையும் முடித்துவிடுகிறேன். டிஎஸ்எச் 7.4, ஃப்ரீ டி4 சரி. சிறுநீரகம் இல்லாதவரிடம் டிஎஸ்எச் வெளியேறுவது மெதுவாகிறது, இரவில் ஏற வேண்டிய ஏற்றமும் மங்கிவிடுகிறது. அதனால் 5-க்கும் 10-க்கும் நடுவே ஓர் எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு ஆயுள் முழுக்க மாத்திரை என்று முத்திரை குத்தக்கூடாது. 6 முதல் 12 வாரம் கழித்து, சரியான முறையில் எடுத்த ரத்தத்தில், மறுபடி பாருங்கள். கூடவே டிபிஓ ஆன்டிபாடி (உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டுவது). தொற்றில் இருந்து தேறிவரும் நேரத்தில் டிஎஸ்எச் தற்காலிகமாகத் துள்ளும், அந்த வாரங்களில் எடுக்கவே வேண்டாம். இரண்டு முறையும் 10-க்கு மேல் நின்றாலோ, ஃப்ரீ டி4 இறங்கினாலோ, அப்போது சிகிச்சை.

ஆரம்பிக்கும் அளவு: வயதானவர், இதய நோய் உள்ளவர் என்றால் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம். 6 வாரத்துக்கு ஒருமுறை பார்த்து ஏற்றலாம். கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்ற முழு மாற்று அளவைக் கணக்கிடும்போது டிரை வெயிட்டை (கூடுதல் நீரை எடுத்தபின் உள்ள எடை) எடுங்கள், நீர் கட்டி வந்த எடையை அல்ல. அந்த முழு அளவில் நேரடியாகத் தொடங்குவது டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அரிதாகவே பொருந்தும்.

#11 வயிற்றுவழி

பெரிடோனியல் டயாலிசிஸ் (சுருக்கமாகப் பிடி, வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் முறை) செய்பவர்களையும் சேர்த்துப் பேசுங்கள். இங்கே கணக்கு கொஞ்சம் மாறும்.

வயிற்றிலிருந்து வெளியேறும் திரவத்தோடு நாளொன்றுக்கு 5 முதல் 15 கிராம் புரதம் போகிறது. டி4-ஐத் தூக்கிச் சுமக்கும் புரதமும் அதில் அடக்கம். சுரப்பி நன்றாக இருப்பவர் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடுவார். மாத்திரையையே நம்பியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஹீமோவிலிருந்து பிடிக்கு மாறியவர்களுக்கும், வயிற்றுத் தொற்று வந்து புரத இழப்பு கூடியவர்களுக்கும் டிஎஸ்எச்சை மறுபடி பார்க்க இதுவே காரணம்.

பெரிய கவலை அயோடின். ட்ரான்ஸ்ஃபர் செட் (வயிற்றுக் குழாயோடு இணைந்த குழாய்) முனையில் போடும் மூடிக்குள் போவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சு இருக்கும். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் தொந்தரவு தராது. கைக்குழந்தைகளில் அந்தக் கொஞ்ச அயோடினே வயிற்றுக்குள் போய்த் தைராய்டை அடக்கிவிட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பிடியில் இருக்கும் குழந்தைக்கு டிஎஸ்எச்சைத் தவறாமல் பார்க்கணும். மூளை வளரும் வயது அது, தாமதத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

#12 தாமிரபரணி

வயிற்றுவழி எடுத்துக்கொடுத்த நூலைக் கொஞ்சம் இழுக்கிறேன். அயோடினைப் பற்றிப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை.

உடம்பிலிருந்து அயோடின் வெளியேறும் முக்கிய வழி சிறுநீர். அது அடைபட்டால் தேங்கும். டயாலிசிஸ் ஓரளவு எடுத்துவிடும், முழுக்க அல்ல. அதிக அயோடின் வந்தால் சுரப்பி சில நாள் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். 1948-இல் வுல்ஃப், சைக்கோஃப் இருவரும் விவரித்த விளைவு இது. ஆரோக்கியமான சுரப்பி சீக்கிரமே அதிலிருந்து விடுபட்டு மறுபடி வேலை தொடங்கும். ஏற்கெனவே ஹஷிமோட்டோ அழற்சி (உடம்பே தைராய்டைத் தாக்கும் நோய்) உள்ள சுரப்பி விடுபடாமல் மாட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் தேவை 150 மைக்ரோகிராம். பிஸ்டுலா சுருங்கியதைப் பார்க்கவோ இதய ஆஞ்சியோவுக்கோ 100 மில்லி கான்ட்ராஸ்ட் (அயோடின் உள்ள எக்ஸ்ரே சாயம்) போனால், மில்லிக்கு 300 மில்லிகிராம் என்ற வகையில், 30 கிராம் அயோடின். 2 லட்சம் நாள் தேவைக்குச் சமம். பெரும்பகுதி மூலக்கூறோடு இறுகப் பிணைந்திருக்கும், சுரப்பிக்குக் கிடைப்பது மிகச் சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கே தேவையைப் போலப் பல மடங்கு. கழுத்துக் கட்டி உள்ளவர், டிபிஓ ஆன்டிபாடி உள்ளவர் இருவருக்கும் கான்ட்ராஸ்ட் போன 4 முதல் 6 வாரத்தில் டிஎஸ்எச் பார்த்துவிடுங்கள். கட்டிக்காரருக்கு எதிர்த்திசையில், தைராய்டு மிகையாகவும் போகலாம்.

இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. ஆரம்பிக்கும் முன் ஒருமுறை, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச். நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும் மருந்து, நிறுத்தியதும் பரிசோதனையையும் நிறுத்திவிட வேண்டாம்.

திறந்த புண்ணில், கதீட்டர் வாயில் நாள்தோறும் போவிடோன் அயோடின் ஊற்றுவதும் கணக்கில் வரும். குளோர்ஹெக்சிடின் ஒத்துக்கொள்பவருக்கு அதற்கு மாறிவிடலாம்.

#13 உணவுத்தட்டு

அயோடின் அதிகம் என்றதும் யாராவது உப்பை மாற்றச் சொல்லிவிடப் போகிறார்கள், அதற்கு முன் நான் எழுதிவிடுகிறேன். அயோடின் உப்பு நுகர்வோர் கைக்கு வரும்போது குறைந்தது 15 பிபிஎம் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. 5 கிராம் உப்பில் 75 மைக்ரோகிராம். அதனால் யாருக்கும் தைராய்டு கெடாது. இந்துப்புக்கு மாறினால் சோடியம் குறையப் போவதும் இல்லை. இதைவிட ஆபத்து, "லோ சோடியம்" என்று விற்கும் உப்பு. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. டயாலிசிஸ்காரர் அதைத் தொடவே கூடாது. கடற்பாசி மாத்திரையும் வேண்டாம், அயோடின் அளவு கட்டுக்குள் இருக்காது.

#14 மெஷின்பக்கம்

அறிகுறியை வைத்து யூனிட்டில் நாங்கள் எப்படிச் சந்தேகப்படுவது? சோர்வு, குளிர், வறண்ட தோல், மலச்சிக்கல் எல்லாம் டயாலிசிஸில் இருக்கும் அத்தனை பேருக்கும் இருக்கிறதே.

#15 தாமிரபரணி

நல்ல கேள்வி. அந்த நான்கையும் வைத்துப் பிரிக்க முடியாது. நான் பார்க்கச் சொல்பவை வேறு.

எரித்ரோபாய்ட்டின் (ரத்தம் ஊறப் போடும் ஊசி) டோஸ் ஏறிக்கொண்டே போகிறது, இரும்பும் போதுமான அளவு இருக்கிறது, ஹீமோகுளோபின் ஏறவில்லை: டிஎஸ்எச் பாருங்கள். ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை) போடுபவருக்குத் தசை வலி, சிகே (தசை நொதி) உயர்வு: டிஎஸ்எச். காரணம் தெரியாமல் இதயத்தைச் சுற்றித் தங்கும் பெரிகார்டியல் நீர்: யுரீமியாவோடு சேர்த்து டிஎஸ்எச்சும்.

முகமும் கையும் உப்பியிருக்கிறது, அழுத்தினால் குழி விழவில்லை. இதை நீர் என்று நினைத்து டிரை வெயிட்டை இறக்கி இறக்கி இழுத்தால் பிபி விழும், தசை பிடிக்கும், உப்பல் மட்டும் அப்படியே இருக்கும். மெஷின் பக்கத்தில் நிற்பவர் கண்ணில்தான் இது முதலில் படும். குழி விழாத உப்பல் என்று குறிப்பில் எழுதுங்கள்.

தைராய்டு மிகையில் நேர்மாறு. சதை கரைகிறது, டிரை வெயிட் பழைய எண்ணிலேயே நிற்கிறது, கரைந்த சதைக்குப் பதில் நீர் தங்குகிறது. எடை ஏறவே இல்லை, ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது. புதிதாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தாலும் டிஎஸ்எச் கட்டாயம்.

கார்பிமசோலில் இருப்பவருக்குக் கழுத்து கதீட்டர் இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். காய்ச்சல் வந்ததும் எல்லோரும் கதீட்டர் தொற்று என்று கல்ச்சர் அனுப்புவார்கள். அதே ஊசியில் சிபிசியும் (ரத்த அணு எண்ணிக்கை) அனுப்புங்கள். இந்த மருந்தில் வெள்ளையணு, குறிப்பாக நியூட்ரோஃபில், அடியோடு விழலாம். தொண்டை வலியோடு காய்ச்சல் என்றால் எண்ணிக்கை வரும்வரை அடுத்த மாத்திரை வேண்டாம்.

#16 வைகைக்கரை

டாக்டர், இன்னொரு குழப்பத்தையும் தாளில் எழுதலாமா? "எனக்குத் தைராய்டு 900 இருக்கு" என்று நோயாளிகள் சொல்வது பிடிஎச்சை, அதாவது பாராதைராய்டு ஹார்மோனை. பாராதைராய்டு வேறு சுரப்பி, தைராய்டின் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு சிறு சுரப்பிகள், கால்சியம் பாஸ்பரஸ் கணக்கைப் பார்ப்பவை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் தைராக்சின் போட்டால் பிடிஎச் இறங்கும் என்று நினைக்கிறார்கள். பிடிஎச்சைக் குறைக்கும் சினகால்செட்டைத் தைராய்டு மாத்திரை என்று சொல்லி, மருந்துக் கடையில் மாற்றி வாங்கிவரவும் வாய்ப்பு இருக்கிறது.

#17 மருந்துச்சீட்டு

கட்டாயம் எழுதுங்கள் சிஸ்டர். அங்கே இரண்டு சுரப்பியும் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. பாராதைராய்டு அறுவைக்குப் பிறகு பட்டினி கிடந்த எலும்பு கால்சியத்தை உறிஞ்சித் தள்ளும். ரத்தத்தில் கால்சியம் தாழ்ந்து, நாளுக்கு நான்கைந்து வேளை கால்சியம் மாத்திரை எழுதுவார்கள். அவர் தைராக்சினும் போடுபவர் என்றால் 4 மணி நேர இடைவெளிக்கு நாளில் இடமே இருக்காது. அந்த வாரங்களில் கால்சியத்தைக் குறைக்கக்கூடாது, உயிர் ஆபத்து. கிடைப்பதிலேயே நீளமான இடைவெளி, பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே, அங்கே தைராக்சினை வையுங்கள். 6 வாரத்தில் டிஎஸ்எச் பாருங்கள். கால்சியம் குறைக்கப்பட்டதும் மறுபடி ஒருமுறை.

#18 ஆய்வகக்கண்

தாளில் சேர்க்க என் பக்கத்திலிருந்து ஒன்று. பரிசோதனைப் படிவத்தின் மேல் மூலையில் மூன்று கட்டம் போடுங்கள்: ஹெபாரினுக்கு முன் எடுத்தது, ஆம் அல்லது இல்லை. ஊசியா கதீட்டரா. கடைசியாகத் தைராக்சின் போட்ட நேரம். மாத்திரை போட்ட சில மணி நேரம் ஃப்ரீ டி4 கொஞ்சம் ஏறியிருக்கும், அதனால் அன்று ரத்தம் எடுத்தபிறகு போடச் சொல்வது நல்லது. மூன்று கட்டமும் காலியாக வரும் மாதிரிக்கு ஃப்ரீ டி4 ஏறியிருந்தால் நான் ரிப்போர்ட் கையெழுத்திடும் முன் யூனிட்டுக்குப் போன் செய்துதான் கேட்பேன்.

#19 வைகைக்கரை

ரத்தம் எடுக்கும் நாளில் 4 மணி மாத்திரையைக் கையில் கொண்டுவரச் சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டு டியூப் நிரம்பியதும் 50 மில்லி தண்ணீரோடு அங்கேயே போடலாம். அன்று ஒரு நாள் மட்டும் 8 மணி டிபனில் பைண்டரை விட்டுவிடலாமா, இல்லை டிபனையே தள்ளிப்போடலாமா?

#20 உணவுத்தட்டு

சர்க்கரை நோயாளிக்கு டிபனைத் தள்ளவே வேண்டாம், மெஷினில் இருக்கும்போது சர்க்கரை இறங்கிவிடும். அந்த ஒரு வேளை பைண்டரை விட்டுவிட்டுப் பாஸ்பரஸ் குறைந்த டிபனாகக் கொடுங்கள், இட்லியும் தேங்காய் இல்லாத சட்னியும் போல. மதியத்திலிருந்து பைண்டர் வழக்கம்போல. மூன்று மாதத்தில் ஒரு வேளை விட்டதால் பாஸ்பரஸ் ஏறிவிடாது.